எழ மறுக்கும் பைக்

கேள்வி: மார்கழி வந்தால் என் பழைய கார்புரேட்டர் பைக் காலையில் கிளம்ப மறுக்கிறது. கால் வலிக்க உதைத்து ஸ்டார்ட் செய்தாலும், ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி படர்ந்திருக்கும் நேரத்தில் உங்களை ஒருவர் உதைத்து எழுப்பினால், நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டே எழுவீர்களாக்கும்!

குளிரில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டத்தான் சோக். அதை முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். இன்ஜின் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுங்கள். சிலர் சோக்கை இழுத்தபடியே சேரிங் கிராஸ் வரை போவார்கள். பிளக்கில் கரி அப்பிக்கொள்ளும், மறுநாள் சுத்தமாக ஸ்டார்ட் ஆகாது.

சூடேறிய பிறகும் அணைகிறதா? சந்தேகப்பட வேண்டியது பைலட் ஜெட்டை. ஐடிலிங்குக்கான பெட்ரோல் அந்த மயிரிழைத் துளை வழியாகத்தான் வருகிறது. நாள்பட்ட பெட்ரோலின் பிசின் போதும், அடைத்துக்கொள்ள. அதைக் கழற்றாமல் ஐடில் ஸ்க்ரூவை முறுக்கி ஒப்பேற்றுவது பெட்ரோல் பங்குக்கு நீங்கள் தரும் நன்கொடை.

கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பியை விட்டுக் குடைகிற மெக்கானிக்காக இருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வேறு கடைக்குப் போய்விடுங்கள்.