ஒழுங்கையில் எதிர்ப்படுதல்: ஒலுவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், அன்டிலோப் கன்யன் என்றொரு பாறைப் பிளவு உண்டு. நவாஹோ மக்களின் நிலம். பாலைவனத்து மழைவெள்ளம் மணற்பாறையைக் காலங்காலமாக அறுத்து, சில இடங்களில் இரண்டு பேர் தோளுரச நடக்கத்தக்க வழியொன்றை அங்கே உண்டாக்கி வைத்திருக்கிறது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் சனம் வந்து, காசு கட்டி, வழிகாட்டியின் பின்னால் அதற்குள் வரிசையாகப் போகிறது. இப்படிப்பட்ட வழிகளில் எதிரே ஆள் வந்தால் யார் ஒதுங்குவது, படம் எடுக்கிறேன் என்று எவ்வளவு நேரம் வழியை மறித்து நிற்கலாம் என்பதற்கெல்லாம் அந்நாட்டு நடைபயணக்காரரிடம் ஒழுக்க விதிகள் உள்ளன. மலையேறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது.

இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான ஒலுவிலில் அதே அகலத்தில் வழிகள் ஏராளம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வழிகாட்டியாக, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஒரு மூத்தம்மா எந்நேரமும் இருப்பார். ஆனால் கிழக்கே கடலும் மேற்கே வயலுமாகக் கிடக்கும் இந்தத் தட்டை நிலத்தில் ஏறுகிறவர் யார், இறங்குகிறவர் யார்? அரிசோனாவின் தலைவிதி ஒலுவிலுக்குச் செல்லாது என்பது இதனால் பெறப்படும். நமக்கு நம்முடைய சாத்திரம் வேண்டும்.

இத்துறையில் ஏன் இதுவரை எவரும் கைவைக்கவில்லை என்று வாசகர் கேட்கலாம். 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே பொறியியல் பீடம் உண்டு. இஸ்லாமியக் கற்கைகள் பீடமும் உண்டு. ஒழுங்கைக்குள் இரண்டு ஆட்டோக்கள் முகத்துக்கு முகம் முட்டி நின்றால் அது எந்தப் பீடத்து விடயம் என்பது தீராததால், பிரச்சினை ஒழுங்கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

முதலில் இலக்கணம். ஐந்திணை வகுத்த முன்னோர் ஒழுங்கைக்குத் திணை வகுக்காமல் போனது அவர்கள் குற்றமன்று. அக்காலத்தில் மதில் அரசனிடம் மட்டுமே இருந்தது. அவர்கள் விட்ட இடத்தை இவ்வாறு நிரப்பலாம். நிலம்: இருபுறமும் மதில் எழுந்த மணலும் கொங்கிறீட்டும். பெரும்பொழுது: மாரி. சிறுபொழுது: அஸருக்கும் மஃரிபுக்கும் இடை. கருப்பொருள்: ஆடு, பூனை, ரெஜிபோம் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கேற். உரிப்பொருள்: பின்வாங்கலும் பின்வாங்கல் நிமித்தமும்.

இனி ஒழுங்கையின் தோற்றம். அரிசோனாவில் நீர் பாறையை அறுத்தது. இங்கே வளவை அறுத்தது சீதனம். இது வேடிக்கைக்குச் சொன்னதன்று. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் நமக்குத் தெற்கே அக்கரைப்பற்றில் தங்கிக் களப்பணி செய்து, 2008இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி பார்ப்பவர்கள், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதே வழக்கம், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும் என்பதெல்லாம் அதில் விரிவாக உண்டு. நமது உம்மாமாருக்கு அந்த நூல் புதிதாக எதையும் சொல்லியிராது. ஆனால் ஒழுங்கை ஆய்வாளருக்கு அது திறவுகோல்.

எப்படியென்றால், ஒரு வளவில் மூன்று பெண்பிள்ளைகள். வீதியைப் பார்த்த வீடு மூத்தவளுக்குப் போகிறது. உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்டிப் போகிறார்கள். இரண்டாமவளுக்கு வயது வர அதுவும் சீதனமாகிறது. அவர்கள் இன்னும் பின்னால் போகிறார்கள். கடைக்குட்டிக்கு வரன் பேசும்போது வீதியென்பது தூரத்துத் தேசம். பின்வீட்டுக்காரர் வெளியே வர வளவின் ஓரத்தால் ஒரு துண்டு விட வேண்டும். நொத்தாரிசு உறுதியில் 'எட்டடிப் பாதை' என்று எழுதுவார். பிறகு இரண்டு பக்கமும் வேலி வரும், அந்த வேலி மாரிதோறும் ஒரு விரற்கடை நகரும். எட்டு ஆறாகும். இதற்கு மழைவெள்ளம் தேவையில்லை, மூன்று கலியாணம் போதும்.

வேலி இருந்த காலத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கிடுகுவேலிக்கு இரக்கம் உண்டு; சைக்கிள் ஹேண்டில் உரசினால் அது கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்களின் காசு வரத் தொடங்கியதும் வேலி மதிலாயிற்று. மதில் ஒருவருக்கும் உள்வாங்காது. பாறையின் அடுக்குகளைப் பார்த்து நிலவியலாளர் காலம் சொல்வதுபோல், மதில் மூலைகளில் இடுப்பளவு உயரத்தில் படிந்திருக்கும் சிவப்பும் பச்சையும் நீலமுமான பெயின்ற் கீறல்களைப் பார்த்து, எந்த நிற ஆட்டோ எப்போது இவ்வழியே வந்து வருந்தியது என்று சொல்லிவிடலாம்.

அளவைப் பற்றி மார்க்கம் தெளிவாகவே பேசியிருக்கிறது. பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடும்படி சொல்லும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பெசிம் ஹகீம் என்ற கட்டடக் கலைஞர் துனிஸ் நகரத்து ஒழுங்கைகளை ஆராய்ந்து 1986இல் எழுதிய நூலில், சுமை ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே உரசாமல் கடக்கப் போதுமான அகலம் இது என்று விளக்குகிறார். ஒரு முழத்தை ஒன்றரை அடி என்று கொண்டால் ஏழு முழம் பத்தரை அடி, அதாவது 3.2 மீட்டர். ஒலுவிலில் ஒட்டகம் இல்லை. ஆனால் பஜாஜ் ஆட்டோவின் அகலம் 1.3 மீட்டர். இரண்டு ஆட்டோவுக்கு 2.6. மிச்சம் 60 சென்ரிமீட்டர். இரண்டு பக்கமும் மதிலுக்கு ஒரு சாண் விட்டாலும் நடுவில் அரைச் சாணுக்கு மேல் மிஞ்சும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட அளவு பஜாஜ் கம்பனிக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை எந்தப் பொறியியலாளரும் இதுவரை கவனிக்கவில்லை என்பது வியப்பே. யோர்தானின் பெட்ரா நகருக்குள் நுழையும் சீக் என்ற மலைப்பிளவின் மிக ஒடுங்கிய இடமும் ஏறத்தாழ 3 மீட்டர். அங்கேகூட இரண்டு ஆட்டோக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடும். எட்டடிப் பாதையில், அதிலும் ஆறாகிப்போன எட்டடியில், கடக்காது.

யார் முதலில் ஸலாம் சொல்வது என்பதற்கும் தீர்ப்பு உண்டு. வாகனத்தில் வருபவர் நடந்து வருபவருக்கு, நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு, சிறியவர் பெரியவருக்கு. ஆக, ஒழுங்கைக்குள் சந்திக்கும் இரண்டு பேர் ஸலாத்தைப் பிழையில்லாமல் முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு யார் ரிவேர்ஸ் எடுப்பது? இந்த ஆய்வு புகுந்து விளையாடும் இடம் இதுதான்.

கால்நடையாக வருகிறவர்களை விரைவாகக் கடப்போம். எதிரே பெண்கள் வந்தால் ஆண் மதிலோரம் ஒதுங்கிப் பார்வையைத் தாழ்த்துவான். முன்னர் இதற்கு வேலியின் கிடுகை எண்ணுவது வழக்கம். இப்போது கைப்பேசி வந்து வேலையை இலகுவாக்கிவிட்டது. மீன்காரர் விடயம் வேறு. அவருடைய பெட்டி ஹேண்டிலை விட அகலம், அவர் ஹோர்ன் அடித்து நின்றால் ஒழுங்கை மூடப்பட்டது என்று பொருள். சூரையின் விலை படியும் வரைக்கும் பின்னால் நிற்கும் எவரும் முணுமுணுக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பகல் கறியும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. பின்நேரம் வரும் பாண் ஆட்டோ, பீத்தோவன் 1810இல் எழுதிய மெட்டொன்றை ஊதிக்கொண்டு வருவதால் தூரத்திலேயே தெரிந்துவிடும். விவேகிகள் அந்நேரம் ஒழுங்கைக்குள் வண்டியை இறக்குவதில்லை. வியன்னாவில் இருந்தவர் ஒலுவில் போக்குவரத்துக்குச் செய்த இந்த உபகாரம் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் விடுபட்டுள்ளது.

இனி ஆட்டோவும் ஆட்டோவும். வெளியூரார் நினைப்பதுபோல் வாயிலுக்குக் கிட்ட நிற்பவர் பின்வாங்குவதில்லை. சுமை குறைந்தவரும் பின்வாங்குவதில்லை. நிகழ்வது இது:

"நீங்க வாங்க மச்சான், நான் பின்னுக்கு எடுக்கிறன்."

"சே, வேணாம். நான் எடுக்கிறன், நீங்க வாங்க."

இருவரும் பின்னால் எடுக்கிறார்கள். இருவரும் மற்றவர் எடுப்பதைக் கண்டு நிற்கிறார்கள். இருவரும் முன்னால் வருகிறார்கள். மரியாதையினால் மட்டுமே உண்டாகும் இந்த நெரிசலுக்கு உலகப் போக்குவரத்து நூல்களில் பெயர் இல்லை. மதிலுக்கு மேலால் மூத்தம்மா சொல்லுவார்: "மகன், ஆராவது ஒராள் போங்க. சுலைமா மாமிட மருமகன் நீங்க எடுங்க, நீங்க நேத்து வந்த ஆள்."

தீர்ப்பு வந்துவிட்டது. இதிலிருந்துதான் ஒழுங்கையின் ஆதார விதியை நாம் பெறுகிறோம்: பின்வாங்கும் கடமை மாப்பிள்ளைக்கே. தாய்வழி வதிவின்படி ஒழுங்கையில் பிறந்து, அதே ஒழுங்கையில் வாழ்ந்து, அங்கிருந்தே மௌத்தாகிறவள் பெண். அவளுக்கு அது முதுசம். ஆண்கள் எல்லாரும் எவரோ ஒருவரின் மருமகனாக வெளியிலிருந்து வந்தவர்கள். ஆகவே பெண் பின்னால் அமர்ந்து வரும் ஆட்டோவுக்கு ஆண் தனியே வரும் ஆட்டோ வழிவிடும். இரண்டிலும் ஆண்களென்றால் பிந்திக் கலியாணம் முடித்தவர் எடுப்பார். சகலன்மார் இருவர் எதிர்ப்பட்டால் இளையவர் எடுப்பார், மூத்தவர் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார். நிதானமாகப் பார்க்க வேண்டியவர், பெருநாளைக்கு உம்மாவைப் பார்க்க வரும் மகன். அவர் பிறந்தது இங்கே, இருப்பது நிந்தவூரில். பிறப்புரிமை அவர் பக்கம், வதிவு எதிர்ப்பக்கம். இவருக்காக மருமகன் பின்வாங்குவாரா, மருமகனுக்காக இவரா என்பதில் மூத்தம்மாமாரிடையேகூட ஒருமித்த கருத்து இல்லை. எம் துணிபு: பெருநாளன்று மகனுக்கு வழி, மற்ற நாளில் மருமகனுக்கு.

கொழும்பிலிருந்து வரும் கார் எந்த விதிக்குள்ளும் அடங்காது. அது உள்ளே வரும், கதவைத் திறக்க இடமிருக்காது, பிறகு ஊர்ப் பொடியன்மார் கையால் காட்டிக் காட்டி வெளியே எடுப்பார்கள். இதை ஆராய்வதில் பயனில்லை.

ஜனாஸா வரும்போது விதிகள் அத்தனையும் விழுந்துவிடுகின்றன. சந்தூக்கு வருகிறதென்றால் ஆட்டோ மட்டுமா, மீன்காரரும் பின்வாங்குவார். எதிரே வந்தவர் வண்டியை யாரோ ஒருவரின் வளவுக்குள் விட்டுவிட்டு, தான் போக வந்த திசையை மறந்து, திரும்பி அதனோடு நடப்பார். தோள் கொடுத்து நாலடி தூக்குவார். மதிலும் மதிலும் இவ்வளவு கிட்ட இருப்பதால் தூக்குகிறவர்கள் ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கும். அப்போதும் எவரும் முந்தமாட்டார்.

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவைத்து ஒன்று சொல்ல வேண்டும். 1997 ஓகஸ்ட் 12ஆம் திகதி அன்டிலோப் கன்யனுக்குள் திடீரென வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் பெரிய மழை இல்லை. தூரத்தில் பெய்தது வந்தது. நம்முடைய கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். நாட்டிலேயே அதிக உயிர்ச்சேதம் கண்ட மாவட்டம் இது. வெள்ளமும் கடலும் மருமகன், மகன் என்று பார்ப்பதில்லை. கடலைப் பார்த்த ஒழுங்கை ஒவ்வொன்றும் அன்றிலிருந்து ஓடும் வழியும்தான். ஆனால் அதற்குப் பிறகு கட்டிய மதில்களில் எத்தனை உள்ளே தள்ளிக் கட்டப்பட்டன என்று பார்த்தால், மூலைக்கு மூலை கொங்கிறீட் படிகளும் கேற் சரிவுகளும் பாதைக்குள்தான் நீண்டிருக்கின்றன.

வழி அடைபடுவதைப் பற்றி அரசாங்கமும் நமக்கு ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் போனது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணல் மூடி, படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் வழியில்லாமல் மீனவர் திண்டாடினார்கள். வடக்கே கரையும் அரித்துப் போனது. ஒழுங்கையின் அகலத்தை நொத்தாரிசாவது எழுதிவைக்கிறார். மணலுக்கு உறுதி எழுத எவருமில்லை.

இஸ்லாமியச் சட்ட நூல்களில் முட்டு ஒழுங்கை, அதாவது ஒருபக்கம் அடைபட்ட பாதை, அதில் வசிக்கும் எல்லாருக்கும் கூட்டுச் சொத்து. மற்றவர் சம்மதமின்றி ஒருவர் தன் வசதிக்கு அதை மாற்ற முடியாது. சுவரோரத்துத் துண்டை வீட்டுக்காரர் பயன்படுத்தலாம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும். ஒலுவிலின் ஒழுங்கைகளில் பாதிப் பிணக்கு இந்தக் கடைசி நிபந்தனையை யாரும் கேட்டறியாததால் வருவது என்பது இந்த ஆய்வாளரின் முடிவு. மிச்சப் பாதி மருமகன்மாரின் பொறுமையில் தீருகிறது.

ஆகையால் இந்த வருடம் மதில் கட்ட நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அத்திவாரம் வெட்டும் முன் உங்கள் வளவின் மூலையில் ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள். திரும்பாவிட்டால் மூலையைச் சதுரமாகக் கட்டாமல் இரண்டடி சரித்து வெட்டிக் கட்டுங்கள். படியை வளவுக்குள் போடுங்கள். மேசன் மறந்தாலும் நீங்கள் மறக்காமல் சொல்லுங்கள்: கேற் உள்பக்கமாகத் திறக்க வேண்டும்.