நூற்றுக்கு நூறு வாங்கியும் லாரியில்தான்

பண்பாட்டு நுண்ணறிவு என்றொரு சரக்கு மேலாண்மைச் சந்தையில் நன்றாக விலைபோகிறது. அந்நிய மண்ணில் வேலைக்குப் போகிறவர் அங்கே எப்படி ஒட்டிக்கொள்கிறார் என்று அளக்கும் கோல். கிறிஸ்டோபர் ஏர்லியும் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூன் ஆங்கும் 2003இல் இதைப் பற்றி நூலே எழுதினார்கள். தன்னைக் கவனித்தல், அறிவு, ஊக்கம், நடத்தை என இதற்கு நான்கு கூறுகள்.

அதே சிங்கப்பூருக்கு ஒரு வங்கி அதிகாரி வருகிறார். அவர் ‘எக்ஸ்பாட்’. பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் உண்டு. மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி என்றால் மனைவி மக்களும் கூட வரலாம். டுரியான் பழ வாடையில் மனம் வாடினால் ஆலோசகர் வருவார்.

புதுக்கோட்டைக்காரரும் வருகிறார். அவர் ‘ஃபாரின் ஒர்க்கர்’. ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்துக்கு இடமில்லை. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மனிதவள அமைச்சு சம்மதிக்க வேண்டும். லாரியின் பின்தட்டில் ஆள் ஏற்றுவது அங்கே குற்றம். வேலைக்குப் போகும் தொழிலாளி என்றால் விதிவிலக்கு!

அந்தக் கோலால் இவரை அளந்து பாருங்களேன். அறிவு: மேஸ்திரி ஹொக்கியன் சீனத்தில் திட்டுவதும் பக்கத்துக் கட்டில்காரர் வங்காளத்தில் புலம்புவதும் வகுப்புக்குப் போகாமலே புரியும். ஊக்கம்: ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன், வட்டி ஏற ஏற ஊக்கமும் ஏறும். நடத்தை: விடியுமுன் கட்டிய கேட்டரிங் பொட்டலத்தை மதியம் பிரித்து, மூக்கைச் சுளிக்காமல் தின்பது. தன்னைக் கவனித்தல்: முதலாளி முகம் சுண்டினால் பெர்மிட் கேன்சலாகும் என்று தெரிந்து வாயைத் திறக்காதிருப்பது. நான்கிலும் நூற்றுக்கு நூறு. சான்றிதழ் தரத்தான் நாதியில்லை.

சரி, தேர்வு வந்தவருக்கு மட்டும்தானா? 2008இல், இந்தத் தொழிலாளர்களுக்கான விடுதி தங்கள் பக்கத்தில் வரக் கூடாது என்று சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்புவாசிகள் மனுப்போட்டார்கள். விடுதி வந்தது, தனிச் சாலையோடு! வீடு கட்டுகிறவர் வேண்டும்; அவர் கால் மட்டும் வீட்டுத் தெருவில் படக் கூடாது. இந்த நாகரிகத்துக்கு எத்தனை மதிப்பெண், பேராசிரியர்களே?

ஒட்டவிடாமல் விடுதியே வேண்டாம் என்றவர்களை முதலில் வகுப்பில் உட்காரவையுங்கள். கட்டணத்தையும் அவர்களிடமே வாங்குங்கள். புதுக்கோட்டைக்காரர் தன் பங்கை ஏஜெண்டிடம் கட்டி முடித்துவிட்டார்.