குரங்குக்கு எவன்லே ஆப்பு வாங்கிக் குடுத்தான்?

ஏலே பேராண்டி, பிள்ள எதுக்கு அழுகுன்னு சொல்லுத ஆப்பு ஒண்ண போன்ல ஏத்தி வச்சிருக்கியாமே? பசியா, தூக்கமா, வயித்துவலியான்னு அது சொல்லுமாம். பெத்தவ பக்கத்துலதான உக்காந்திருக்கா. அவள ஒரு வார்த்தை கேட்டியா?

கென்யாவுல அம்போசெலின்னு ஒரு காடு. அங்க வெர்வெட்னு கருமூஞ்சிக் குரங்குக உண்டு. ராபர்ட் செஃபார்த், டோரதி செனின்னு ஒரு புருசன் பொண்டாட்டி. நல்லாப் படிச்சவுக. அந்தக் குரங்குக பின்னாலயே அலைஞ்சாக. ஒரு குட்டி வீறிட்ட சத்தத்தப் பதிவு பண்ணி, ஸ்பீக்கர ஒளிச்சு வச்சுப் போட்டாக. பக்கத்துல பெத்தவளும் இன்னும் ரெண்டு பிள்ளைக்காரிகளும். பெத்தவ சத்தம் வந்த தெசையப் பாத்தா. மத்தவளுக? சத்தத்தப் பாக்கல, பெத்தவளப் பாத்தாளுக! 'ஒம் பிள்ளதாண்டி கத்துது, என்னன்னு போய்ப் பாரு'ங்கிற மாதிரி. 1980-ல இதக் கட்டுரையாவே போட்டுட்டாக. நம்ம குழாயடியில நின்னு கேட்டிருந்தா ஓசியில சொல்லியிருப்பாளுக.

அவுகள நான் கேலி பண்ணல கேட்டியா? எந்தப் பிள்ள யாரு பிள்ளன்னு குரங்குக்குத் தெரியும்னு சும்மா சொன்னா எவன் நம்புவான்? சோதிச்சுத்தான் காட்டணும். நான் கேலி பண்ணுதது ஒன்னய.

பிரேசில்ல மார்மோசெட்னு பொடிக்குரங்கு ஒண்ணு. பெரும்பாலும் ரெட்டையாத்தான் ஈனும். பெறந்த குட்டிக்கு வெறும் கீச்சு மூச்சுதான். பெத்தவுக பதிலுக்குக் குரல் குடுக்கக் குடுக்கத்தான் பெரியவுக கூப்பாடு அதுக்குப் படியும். அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல, ரெட்டையில ஒரு குட்டி கத்துனா உடனுக்குடனே மிஷின்ல பெத்தவுக குரலப் போட்டாக. இன்னொண்ணுக்கு எப்பவாவதுதான். பதில் கெடச்ச குட்டி முந்திக்கிடுச்சுன்னு 2017-ல எழுதுனாக. நீ என்னலே செய்யுத? பிள்ள 'ங்கா'ன்னதும் பாட்டப் போட்டு போனக் கையில திணிக்க. அங்கயும் மிஷின்தான தாத்தான்னு என்னய மடக்காத. அந்த மிஷின் பிள்ள கத்துனாத்தான் பேசும். ஒம் போனு பிள்ளையப் பேச விடுதா?

கூத்து எங்கன்னா சுமத்ராவுல. கேத்தம்பே காட்டுல புலிவரிப் போர்வையப் போத்திக்கிட்டு ஒரு மனுசன் நாலு கால்ல நடந்திருக்காரு. படிச்ச படிப்பு அப்பிடி! மேல மரத்துல ஒராங்குட்டான் தாயி, குட்டியோட. கத்துனாளா? மூச்சு விடல. இப்பிடிச் சோதிச்ச தாய்மாருக சராசரியா 7 நிமிசம், சில நேரம் 20 நிமிசங்கூடப் பொறுத்து, 'புலி' போன பெறகுதான் எச்சரிக்கச் சத்தம் போட்டாளுக. குட்டி சின்னதா இருந்தா இன்னும் தாமசம். எங்க ஆபத்து குட்டியத் தேடி வந்துருமோன்னு வாயக் கட்டியிருக்கா. போன பெறகு, இது பொல்லாததுன்னு குட்டிக்குச் சொல்லுதா. 2018-ல படிச்சவுக இப்பிடித்தான் அர்த்தம் பண்ணுனாக.

நீ பிள்ள தும்முனாலே ஸ்டேட்டஸ் போடுத ஆளு. ஒன்னய அந்த மரத்துல உக்கார வச்சிருந்தா, புலிக்கு லொகேஷனே அனுப்பியிருப்பயேலே!