சுத்த சுயம்பு

மலையாளக் கவி பி. குஞ்ஞிராமன் நாயர் ஆசிரியராக இருந்த ஊர் கேரளத்தின் கொல்லங்கோடு. இன்று அங்கே வயல் வரப்பில் நின்று படமெடுப்பவர்களுக்கு நெல்லியாம்பதி மலை தெரிகிறது. வீட்டுக்குள் இருக்கும் ஆய்வு மாணவருக்குச் சாட்ஜிபிடி மட்டும். தலைப்பைக் கொடுத்தால் அத்தியாயம் வரும். கேட்டால் துணைநூல் பட்டியலும் வரும், யாரும் எழுதாத நூல்கள் உட்பட.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட 2018 விதிகள் தாராளமானவை: ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. இயந்திரம் புதிதாக நெய்து தருவது பெரும்பாலும் எதனோடும் ஒத்துப்போகாது. ஆகவே சுத்த சுயம்பு!

பழியை முழுக்க இயந்திரத்தின் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. மலையாளக் கவி சங்ஙம்புழாவின் ‘வாழக்குல’ கவிதையை இன்னொரு கவியான வைலோப்பிள்ளிக்குத் தூக்கிக் கொடுத்த கேரளப் பல்கலைக்கழக ஆய்வேடு, சாட்ஜிபிடி பிறக்கும் முன்பே பட்டம் வாங்கிவிட்டது. ஊர் சிரித்தது 2023-இல். நடுவில் அதை ‘வாசித்த’ பெரியவர்கள் எல்லாரும் மனிதர்களே.

தம்பி, தங்கைகளே, கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பயன்படுத்தியதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். அது காட்டும் நூலை நூலகத்தில் ஒருமுறை கையால் தொட்டும் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.