மாணவன் திருத்த, வாத்தியார் காத்திருக்க!

கே: ஹார்வர்ட் சர்வதேசச் சட்ட இதழை மாணவர்களே நடத்துகிறார்களாமே? (மதுரை வாசகி)

ப: 1959-லிருந்து. உலகம் சுற்றிய பேராசிரியர் அனுப்பும் கட்டுரையை, இன்னும் சட்டப் பட்டம் வாங்காத பையன் படித்துவிட்டு ‘வேண்டாம்’ என்று திருப்பலாம். அரியர் வைத்தவர்கள் பெருமூச்சு விடவும்.

கே: அந்தப் பையன்களுக்கு வேறு என்ன வேலை?

ப: அடிக்குறிப்பு. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்று எழுதினாலும் “எந்த நூல், எத்தனையாம் பக்கம்?” என்பார்கள். அந்த நூலைத் தேடியெடுத்து, பக்க எண் முதல் காற்புள்ளி வரை சரிபார்ப்பார்கள். 1987-இல் அமெரிக்கப் பங்குச் சந்தைச் சட்டம் பற்றி ஒரு சட்ட இதழில் வந்த ஒரே கட்டுரைக்கு 4,824 அடிக்குறிப்புகள். மேலே கட்டுரையும் இருந்ததாகக் கேள்வி.

கே: அடிக்குறிப்புக்கு இலக்கணம் உண்டா?

ப: ‘புளூபுக்’. 1926-இல் ஒல்லியாகப் பிறந்து, ஒரு கட்டத்தில் 500 பக்கம் தாண்டித் தொந்தி போட்டது. “போதும், விடைபெறுகிறேன்” என்ற பாணியில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 1986-இல் அதைச் சாடினார். எங்கே? மாணவர்கள் நடத்தும் சிகாகோ சட்ட இதழில்!

கே: ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு அனுப்பலாமா?

ப: மற்ற துறைகளில் குற்றம், அமெரிக்கச் சட்ட இதழ்களில் சம்பிரதாயம். சின்ன இதழ் சம்மதித்ததும் அதைக் காட்டி, பெரிய இதழை “சீக்கிரம் சொல்லுங்க” என்று நெருக்கலாம். கல்யாணத் தரகர் தோற்றார்.

கே: இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

ப: 18-ஆம் நூற்றாண்டு பல்கேரியச் சாட்சியச் சட்டத்தில் தத்துவஞானி காண்ட்டின் தாக்கம் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று 2011-இல் கிண்டலடித்தார் அமெரிக்கத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். ஓரின் கெர் என்ற பேராசிரியர் நிஜமாகவே ஆராய்ந்து 2015-இல் எழுதினார். முடிவு: தாக்கம் இல்லை. கிண்டலடித்தவர் மாணவப் பருவத்தில் ஹார்வர்ட் சட்ட இதழின் நிர்வாக ஆசிரியர் என்பது கொசுறு.

கே: உருப்படியாக எதுவுமே வரவில்லையா? (யாழ்ப்பாண வாசகர்)

ப: உங்கள் இலங்கையில் பிறந்தவரே இருக்கிறாரே! சட்ட அறிஞர் அந்தோணி ஆங்கி, 1999, ஹார்வர்ட் சர்வதேசச் சட்ட இதழ். ஐரோப்பா சட்டத்தை முடித்துவிட்டுக் கப்பலேறவில்லை. காலனிகளைப் பிடித்த கையோடுதான் இறையாண்மைக் கோட்பாடே உருவானது என்று நிறுவினார். யார் ‘நாகரிகம் அடைந்தவர்’ என்று சான்றிதழ் தந்தவர் யார்? பீரங்கி வைத்திருந்தவர்.

கே: சர்வதேச நீதிமன்றம் இவர்களை மதிக்குமா?

ப: அதன் சாசனத்தின் 38-ஆம் பிரிவு, சிறந்த அறிஞர்களின் எழுத்தைத் துணைச் சான்றாக ஏற்கிறது. தீர்ப்பில் பெயர் சொல்வதென்றால் மட்டும் கஞ்சத்தனம்.

கே: வல்லரசுகள் படிக்குமா?

ப: படிக்காமல்? எதை மீறுகிறோம் என்று தெரிய வேண்டாமா!