சும்மா பார்க்க வந்தேன்

ஒரு புத்தகக் கடையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தால், அந்தக் கடையில் ஒன்றுமே வாங்காதவர்கள்தான் முதலில் கண்ணீர் வடிப்பார்கள். வாங்கியவர்களுக்கு என்ன, புத்தகம் வீட்டில் இருக்கிறது. வாங்காதவனுக்குத்தான் நாவலின் மீதி இருநூறு பக்கம் ஷட்டருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. அவன் முகநூலில் எழுதும் இரங்கற்பாவைச் சந்தேகப்படாதீர்கள். துக்கம் உண்மையானது. நானே பல எழுதியிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். சென்னையில் சும்மா நுழைந்து, சும்மா நின்று, சும்மா வெளியே வரக்கூடிய கடை வேறு எது? தி.நகர் ஜவுளிக்கடையில் ஒரே முந்தானையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நகைக்கடையில் போய் "இந்த ஆரத்தைப் பாதி பார்த்துவிட்டேன், மீதியை நாளை வந்து பார்க்கிறேன்" என்று சொல்ல முடியுமா? இனிப்புக் கடையில்கூட சாம்பிள் என்றால் விரல் நுனி அளவுதான். புத்தகக் கடைக்காரர் ஒருவர்தான் முழுச் சரக்கையும் சாம்பிளாக வைத்திருந்தார்.

நுங்கம்பாக்கத்தில் அபெக்ஸ் பிளாசாவின் கீழ்த்தளத்தில் 1987-இல் லேண்ட்மார்க் திறந்தார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் நகரத்தில் இலக்கிய தாகம் பெருகும் என்பதை நான் கண்டுகொண்டது அந்தப் படிகளில் இறங்கித்தான். எந்த அலமாரி மேல் ஏ.சி. காற்று நேராக விழுகிறதோ, அந்தத் துறையில் என் அறிவு வளர்ந்தது. பங்குச்சந்தை பற்றி எனக்கு இன்றைக்கும் நாலு வார்த்தை தெரியும் என்றால் காரணம் அதுதான். இப்போது அந்தக் கடை இல்லை. என் முதலீட்டு அறிவும் அத்தோடு நின்றுவிட்டது.

அமேசான் 1995-இல் வியாபாரத்தைத் தொடங்கியது புத்தகம் விற்றுத்தான். பெங்களூரில் 2007-இல் ஃபிளிப்கார்ட் ஆரம்பித்ததும் புத்தகத்தில்தான். காரணம் எளிது. புத்தகம் அழுகாது, உடையாது. லட்சக்கணக்கில் தலைப்புகள் இருப்பதால் எல்லாவற்றையும் எந்தக் கடையாலும் அடுக்கி வைக்க முடியாது. சட்டை பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். நாவல் பொருந்தவில்லை என்று யாரும் அனுப்புவதில்லை. பிரித்துப் படித்தால்தானே தெரியும்? இப்படி நம்மை வைத்துப் பழகிக்கொண்டு, அப்புறம் குக்கர் விற்கப் போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் பார்டர்ஸ் என்று ஒரு பெரிய புத்தகக் கடைத்தொடர் இருந்தது. 2001-இல் தன் இணைய விற்பனையை அது யாரிடம் ஒப்படைத்தது தெரியுமா? அமேசானிடம். பூனையிடமே பாலைக் கொடுத்து "காய்ச்சி வை" என்று சொன்ன கதை. 2011-இல் பார்டர்ஸ் திவாலாகி மூடப்பட்டது. இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். 2015-இல் அமேசானே சியாட்டிலில் செங்கல் சிமெண்டோடு ஒரு புத்தகக் கடை திறந்தது. பிறகு ஊர் ஊராகத் திறந்தது. 2022-இல் எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தது. நிபுணர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். சியாட்டிலிலும் என்னைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பிரான்ஸில் சின்னக் கடைகளைக் காப்பாற்ற, தள்ளுபடியும் கொடுத்து இலவசமாகவும் புத்தகம் அனுப்பக் கூடாது என்று 2014-இல் சட்டம் போட்டார்கள். அமேசான் பணிவோடு கீழ்ப்படிந்தது: அனுப்பும் கட்டணம் ஒரு சென்ட். 2023-இல் அரசு குறைந்தபட்சம் 3 யூரோ என்று கட்டிப்போட வேண்டியிருந்தது. நம் ஊரில் அந்தச் சிக்கல் இல்லை, சட்டமே இல்லை. ஜனவரியில் புத்தகக் காட்சி இருக்கிறது. வருடம் முழுக்கக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் பத்து சதவீதத் தள்ளுபடிக்காக நந்தனம் போய், மிச்சமான பணத்துக்கு மேலேயே மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு வருகிறோம்.

எங்கள் பேட்டை புத்தகக் கடை ஒரு நெல்லைக்காரருடையது. அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நான் ஒரு நாவலை எடுத்தால், "அது வேண்டாம் தம்பி, நாப்பது பக்கத்துக்கு மேல நகராது" என்பார். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரி! ஒரு மூலையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டால், "என்ன தம்பி, வாங்குதீயளா, இல்ல முடிச்சிட்டுத்தான் போவீயளா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே டீயும் சொல்லுவார்.

இணையக் கடைக்கு இந்த விவஸ்தை கிடையாது. ஒருமுறை மிக்ஸி ஜாரோடு சேர்த்துத் திருமந்திரம் வாங்கினேன். அன்றிலிருந்து திருமூலர் வாசகர்கள் எல்லாரும் சட்னி அரைப்பவர்கள் என்று அது முடிவுகட்டிவிட்டது. பொன்னியின் செல்வன் தேடினால் இன்னும் விசேஷம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்து பாகம், ஒரே தொகுதி, சுருக்கம், சுருக்கத்தின் சுருக்கம். எது நல்ல பதிப்பு என்று விமர்சனத்தைப் பார்த்தால், "பெட்டி நசுங்கி வந்தது" என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். கூரியர்காரர் தூக்கிப்போட்டதற்குக் கல்கி என்ன செய்வார்?

பதிப்பாளர் தரும் கழிவில்தான் அண்ணாச்சிக்கு வாடகை, மின்கட்டணம், பையன் சம்பளம், எனக்கு டீ எல்லாம். அந்தக் கழிவை இணையத்தில் வாசகருக்கே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசிக் காலத்தில் அவர் கடைக்கு வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அட்டையைச் செல்போனில் படம் எடுத்து, அங்கேயே நின்று இணையத்தில் ஆர்டர் போட்டார்கள். அண்ணாச்சி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "சிக்னல் கிடைக்கலன்னா வாசப் பக்கம் வாங்க தம்பி" என்பார்.

கட்டடக்காரர் வாடகையை ஏற்றியதும் கடையைக் காலி செய்தார். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். சும்மா பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். அண்ணாச்சி வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்கிறார். தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு அட்டைப் படம் வரும். போன வாரம் ஒரு சிறுகதைத் தொகுப்பு நன்றாக இருந்தது போலத் தோன்றியது. "அண்ணாச்சி, உள்ளே ஒரு கதையை மட்டும் படம் பிடித்து அனுப்புங்களேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று செய்தி போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஒரு படமும் உடனே வந்தது. ஆசையோடு பெரிதாக்கிப் பார்த்தேன். பணம் அனுப்புவதற்கான கியூஆர் கோடு.