ஐந்து அறைக்கு எத்தனை ஹெட்?

டொரொன்டோவில் குளிர் இன்னும் வரவில்லை. ஹீட் பம்ப் கேள்விகள் வந்துவிட்டன.

கேள்வி: வீட்டில் ஐந்து அறை. அதனால் சுவரில் ஐந்து ஹெட், வெளியே 48,000 பி.டி.யூ. யூனிட் ஒன்று என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எதையும் அளக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா? (மார்க்கம்)

பதில்: அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். நீங்களாவது திறந்து வையுங்கள்! அறையை எண்ணிக் கட்டில் வாங்கலாம், ஹீட் பம்ப் வாங்கக்கூடாது. சுவர், ஜன்னல், அட்டிக் இன்சுலேஷன், இடுக்கு வழியே நுழையும் காற்று எல்லாவற்றையும் சேர்த்து, வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்கிட வேண்டும். கனடாவில் அதற்கு சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற முறையே இருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: டன், டன் என்கிறார்களே, மெஷின் அவ்வளவு எடையா? (அஜாக்ஸ்)

பதில்: இல்லை, ஐஸின் எடை. ஒரு அமெரிக்க டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் சூடுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யூ.

கேள்வி: நிபுணர் வரும்வரை நானே தோராயமாகக் கணக்குப் போட வழி உண்டா? (ஸ்காபரோ)

பதில்: கேஸ் பில்லை எடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் எரிந்தது குளியலுக்கும் சமையலுக்கும். அதன் மாதச் சராசரியைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டு மொத்தத்தில் கழியுங்கள். மிச்சம் ஃபர்னஸ் குடித்தது. அது 2,000 கன மீட்டர் என்று வையுங்கள். ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 10.4 யூனிட் (கிலோவாட் மணி) சக்தி. ஃபர்னஸின் திறன் 95 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது சுமார் 20,000 யூனிட்.

இனி குளிரை எண்ண வேண்டும். 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி இறங்கியது என்று வருஷம் முழுக்கக் கூட்டினால் டொரொன்டோவுக்கு 3,600 சொச்சம் வரும். 20,000-ஐ அதனால் வகுத்து, 24 மணி நேரத்துக்குப் பிரித்தால், வெளியே ஒரு டிகிரி இறங்க உங்கள் வீட்டுக்கு 0.23 கிலோவாட் கூடுதலாக வேண்டும் என்று தெரிகிறது. டொரொன்டோவில் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் குளிர் சுமார் மைனஸ் 18. அப்போது 36 டிகிரி வித்தியாசம். பெருக்கினால் 8.3 கிலோவாட், அதாவது 28,000 பி.டி.யூ. சொச்சம். பேஸ்மெண்ட்டில் நிற்கும் ஃபர்னஸின் லேபிளில் 80,000 என்று இருந்தால் மிரளாதீர்கள். அதைப் போட்டவரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்.

கேள்வி: பெரிதாக வாங்கிவிட்டால் கவலையில்லையே? (மிஸிஸாகா)

பதில்: வளர்கிற பையனுக்குச் சட்டை எடுக்கும் புத்தி இது. வீடு வளராது. மேலே சொன்ன வீட்டுக்கே வெளியே 10 டிகிரி இருக்கும் ஏப்ரல் நாளில் 6,300 பி.டி.யூ. போதும். ராத்திரி ஒரு படுக்கையறை மட்டும் கேட்டால் ஆயிரத்துச் சொச்சம். இன்வெர்ட்டர் கம்ப்ரசரும் ஓரளவுக்குத்தான் தணியும். ஒரே அவுட்டோரில் பல ஹெட் மாட்டும் பெரிய மல்டி யூனிட்டுகளுக்குக் குறைந்தபட்சமே பல ஆயிரம். அதற்குக் கீழே கேட்டால் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மின்சாரமும் போகும், கம்ப்ரசர் ஆயுளும் போகும். போதாததற்கு, சூடாக்கும்போது அணைத்து வைத்த ஹெட்டுகளிலும் குளிர்பதன கேஸ் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத அறை வேர்க்கும்.

ஆகவே, பிரோஷரின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். அது 8 டிகிரியில் அளந்தது. உள்ளே அட்டவணை இருக்கும். மைனஸ் 15-லும் அதற்குக் கீழும் அதிகபட்சம் எவ்வளவு, இதமான நாளில் குறைந்தபட்சம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் பாருங்கள். முதல் எண் உங்கள் தேவையைத் தொட வேண்டும், இரண்டாவது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

கேள்வி: அப்படியானால் ஐந்து அறைக்கு என்னதான் போடுவது? (பிராம்டன்)

பதில்: சின்னப் படுக்கையறைக்குக் கடுங்குளிரிலும் 2,000, 3,000 பி.டி.யூ. போதும், கடையில் கிடைக்கும் சின்ன ஹெட்டே 6,000. மூன்று படுக்கையறைக்கும் சேர்த்து, சீலிங்குக்குள் மறையும் சிறிய டக்ட் யூனிட் ஒன்று. கீழே கூடத்துக்கு ஒரு ஹெட். இரண்டுக்கும் தனித்தனி அவுட்டோர் யூனிட் வைக்க இடமிருந்தால் என் ஓட்டு அதற்கே: சிக்கனம் அதிகம், ஒன்று படுத்தாலும் மற்றது வீட்டைக் காப்பாற்றும்.

கேள்வி: மாடியில் மாமியாருக்குச் சூடு, பேஸ்மெண்ட்டில் மகனுக்கு ஏ.சி. ஒரே மல்டி யூனிட்டில் முடியுமா? (வான்)

பதில்: முடியாது. சாதாரண மல்டியில் எல்லா ஹெட்டும் ஒரே கட்சி. பல மாடல்களில் முதலில் ரிமோட்டை அழுத்தியவர் ஜெயித்தார், அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் தரும் வி.ஆர்.எஃப். மெஷின்கள் ஹோட்டல், ஆபீஸ் ரகம். மாமியாரை முந்த முடியும் என்று மகன் நினைத்தால் அது அவர் பாடு.

கேள்வி: மைனஸ் 15-ல் வெளியே எங்கே சூடு இருக்கிறது, இழுத்து வர? (எடோபிகோ)

பதில்: மைனஸ் 273 வரைக்கும் இருக்கிறது! மெஷினுக்குள் ஓடும் ஆர்-32 கேஸ் மைனஸ் 52-லேயே கொதிக்கும் ரகம். அதற்கு நம் ஜனவரி சித்திரை வெயில்.

கேள்வி: சென்னையில் அண்ணன் 120 சதுர அடிக்கு ஒரு டன் போட்டிருக்கிறார். எங்கள் வீடு 1,800 சதுர அடி. (பிக்கரிங்)

பதில்: 15 டன்! வீட்டின் ஒரு பாதியில் சூப்பர் மார்க்கெட் நடத்தலாம். அங்கே 38-லிருந்து 24-க்கு 14 டிகிரிதான் இறக்குகிறார்கள், இங்கே மைனஸ் 18-லிருந்து 21-க்கு 39 டிகிரி ஏற்றுகிறோம். ஆனாலும் உங்களுக்கு இரண்டரை டன்னே போதுமானதாக இருக்கலாம். அண்ணன் தலைக்கு மேலே வெயிலில் காய்வது வெறும் கான்கிரீட். உங்கள் தலைக்கு மேலே அடி கனத்துக்கு இன்சுலேஷன். அது இல்லையென்றால் முதல் செலவை அங்கே செய்யுங்கள், மெஷின் தானாகச் சிறுத்துவிடும்.

கேள்வி: கூடத்தில் சாமி படங்களுக்கு மேலேதான் சுவர் காலியாக இருக்கிறது. ஹெட்டை அங்கே மாட்டலாமா? (ஸ்காபரோ)

பதில்: குளிர்காலம் முழுக்க ஒன்றும் ஆகாது. கோடையில் ஏ.சி.யாக ஓடும்போது உள்ளே தண்ணீர் சேரும். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் ஜூலையில் தினமும் அபிஷேகம்தான்.